ஆவணி வரைக்கும் இங்கிலீஷ்

ஜூன் 9, திங்கள்

புது பேட்ச் இன்று ஆரம்பம். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரிக்கு மேல் மாடியில், கீழே பன் வேகும் வாசனை ஏறி வர வர, பத்துப் பேர் உட்கார்ந்து என்னைப் பார்த்து முழித்தார்கள். பல வருஷமாக நான் பார்க்கிற அதே முழி. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துப் பாஸானவர்கள்தான். வாசிப்பார்கள், எழுதுவார்கள். வாயைத் திற என்றால் மட்டும் பல் பிடுங்க வந்த மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள்.

"பேரு, தொழில், எதுக்கு வந்தீங்க, மூணும் இங்கிலீஷ்ல சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்றேன். பியூட்டி பார்லர் நடத்தும் ஜரீனா அக்கா முதலில் எழுந்தார். ஆனைமலைப் பக்கம் ரிசார்ட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பெண்கள் அவர் கடைக்கு வருகிறார்களாம். "கஸ்டமர் கம்முனு உக்காந்துட்டா எனக்குக் கையே ஓடாதுங்க மிஸ். பேசிக்கிட்டே பண்ணுனாத்தான் புருவம் ரெண்டும் ஒண்ணா வருது" என்றார். முழுக்கத் தமிழில்தான் சொன்னார்.

கடைசி பெஞ்சில் ஆறடிக்கு ஒருத்தர். பெயர் திருமூர்த்தி. ஆனைமலையில் தென்னந்தோப்பு, இளநீர் லோடு அனுப்புகிற தொழில், வயது முப்பத்தொன்பது. எழுந்து நின்று, "மை நேம் ஈஸ் திருமூர்த்திங்க. ஐ யாம் கோகனட்டுங்க. தேங்க்யூங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த 'ங்க' உயிரோடு ஒட்டியது. யாரையாவது நாயே என்று திட்டினாலும் நாயேங்க என்றுதான் திட்டுவார்கள். எதற்கு வந்தீர்கள் என்றேன். "அக்கா போகச் சொன்னாங்க" என்றார்.

முப்பத்தொன்பது வயது ஆம்பளை. அக்கா போகச் சொன்னாங்களாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

என் வகுப்பில் ஒரே ஒரு வித்தைதான். டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வார்த்தையைப் பற்றி ரெண்டு நிமிஷம் நிற்காமல் பேச வேண்டும். இலக்கணம் நாசமாகப் போகட்டும். பொய் சொல்லலாம், எங்கள் மாமா நிலாவில் டீக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். நிறுத்த மட்டும் கூடாது. மண்டைக்குள் தமிழில் ஒரு வாக்கியம் தயார் பண்ணி, அதை இங்கிலீஷுக்கு மாற்றி, தட்டிக்கொட்டிச் சரிபார்த்து அப்புறம் வாயைத் திறக்கிற பழக்கத்தை உடைக்கத்தான் இது. இன்னொரு சட்டமும் உண்டு. சொன்னது நிஜமா பொய்யா என்று பேசி முடித்த பிறகு யாரும் கேட்கக் கூடாது. நானும் கேட்கக் கூடாது.

ஜரீனா அக்காவுக்கு 'யானை' வந்தது. தன் கல்யாணத்துக்கு டாப்ஸ்லிப் யானை முகாமிலிருந்து யானை வந்ததாகவும், அதற்கு மேக்கப் போட ஒரு டின் பவுடர் ஆனதாகவும் அளந்தார் பாருங்கள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திருமூர்த்திக்கு 'பால்'. "மில்க் ஈஸ் ஒயிட்டுங்க" என்றார். மீதி நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. போகும்போது என் மேஜையில் நாலு செவ்விளநீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

இன்றும் இளநீர். அப்பா கேட்கிறார், "ஏஞ்சாமி, நம்ம கிளாஸ்ல ஃபீஸே எளநியாத்தான் வாங்கறயா?"

ஜூன் 27, வெள்ளி

என்ன நாள், என்ன நாள்! திருமூர்த்தி வாயைத் திறந்துவிட்டார்!

சீட்டில் 'குடை' வந்தது. எழுந்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். அப்புறம் திடீரென்று அணைக்கட்டு மதகைத் தூக்கியது மாதிரி கொட்ட ஆரம்பித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். "என்னிடம் மூன்று குடை இருக்கிறது. மூன்றையும் இந்தக் கிளாஸில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டேன். குடையை எடுக்கிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வரலாம். ஞாயிற்றுக்கிழமை மிஸ் தனியாக ரூம் கூட்டுவார்கள். அப்போது பாட்டுப் பாடுவார்கள். பாட்டு நன்றாக இருக்காது. ஆனாலும் படியில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போவேன்."

வகுப்பே கூரை பறக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்லலாம் என்பதுதானே சட்டம்.

வகுப்பு முடிந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். மூன்று குடை இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

ரூம் கூட்டினேன். பாடவில்லை. படிப்பக்கம் நாலைந்து தடவை எட்டிப் பார்த்தேன், பூனை ஏதாவது வந்திருக்கிறதா என்று.

ஜூலை 2, புதன்

அந்தப் பேர்போன அக்கா இன்று நேரிலேயே வந்துவிட்டார். மயிலாத்தாள். தம்பியை விடப் பெரியவர் என்பது குரலிலேயே தெரிகிறது. மாடிப்படி ஏறி வரும்போதே பேக்கரிக்காரருக்கு இரண்டு திட்டு, படிக்கு ஒரு திட்டு.

"நீதான் டீச்சரா கண்ணு? சின்னப்புள்ளையாட்ட இருக்கற. என்ற தம்பி பேசறானா?"

"நல்லாப் பேசறாருங்க."

"பேசோணும். ஊரு ஊராப் பொண்ணு பாத்தாச்சு. தோப்பு இருக்குது, காரு இருக்குது, காட்டுல வேல செய்யறவனுக்குப் பொண்ணு குடுக்க ஆருக்கும் மனசு வர்றதில்ல. எல்லாத்துக்கும் பெங்களூர்ல கம்ப்யூட்டர் மாப்பிள்ள வேணும். இப்பத்தான் மாசாணியாத்தா கண்ணத் தொறந்திருக்கறா. பொண்ணு மெல்போர்ன்ல. அங்கயே பொறந்து வளந்தது. இங்க வந்து தோப்புல இயற்கை வெவசாயம் பண்ணோணும்னு ஆசையாம். ஆனா தமிழ் ஒரு பொட்டு வராதுன்னு தரகர் சொல்றாரு. இவன் நாலு வார்த்த இங்கிலீஷ்ல பேசிட்டான்னா முடிஞ்சுது சோலி."

திருமூர்த்தி பக்கத்திலேயே நின்றார். "என்னடா, நாஞ் சொல்றது செரிதான?" என்று அக்கா கேட்டார். "சரிங்க்கா" என்றார் அவர்.

தனி வகுப்பு வேண்டுமாம். ஏற்றுக்கொண்டேன். ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது? இது என் தொழில். மிகவும் சந்தோஷம். மிக மிகச் சந்தோஷம். ஒரு கண்ணாடி டம்ளர் கை தவறி உடைந்துவிட்டது.

ஜூலை 7, திங்கள்

தனி வகுப்பில் நான்தான் அந்த மெல்போர்ன் தாரிணியாக நடிக்க வேண்டும். பழைய லேப்டாப் அட்டைப்பெட்டியில் ஜன்னல் மாதிரி வெட்டி, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீடியோ கால் பயிற்சியாம். இங்கிலீஷ் வாத்தியார் பிழைப்பு.

தாரிணி கேட்டாள்: "உங்கள் தோப்பைப் பற்றிச் சொல்லுங்கள்."

அவர் சொன்னார்: "ஒரு மரம் காய்க்கவே காய்க்காது. அக்கா வெட்டிவிடு என்பார்கள். சரிங்க்கா என்பேன். வெட்ட மாட்டேன். அந்த மரத்தில்தான் கிளிகள் இருக்கின்றன."

தாரிணி கேட்டாள்: "உங்களுக்கு எப்படிப்பட்ட மனைவி வேண்டும்?"

அவர் ரொம்ப நேரம் பெட்டியின் ஓட்டையைப் பார்த்தார். "சத்தமாகத் திட்ட வேண்டும். திட்டி முடித்தபின், நான் பதில் சொல்லும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார்.

பெட்டிக்குள் காற்று போதவில்லை. "வெரி குட், உச்சரிப்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது! ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். மெல்போர்ன் போனும் ஆவணியில்தான் என்று மயிலாத்தாள் அக்கா அடித்துச் சொல்லிவிட்டார். மூட நம்பிக்கை என்று எத்தனையோ தடவை அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். வாபஸ் வாங்குகிறேன். ஆடியைப் போல அருமையான மாதம் உண்டா? காற்று, தூறல், கோயிலில் கூழ்!

மாணவருக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைத்ததே என்ற நிம்மதிதான்.

ஜூலை 28, திங்கள்

பயிற்சி நடக்கிறது. இளநீரும் நடக்கிறது. திருமூர்த்தி இப்போது 'ங்க' இல்லாமல் முழு வாக்கியம் பேசுகிறார். ஜோக் அடிக்கிறார். கீழே பேக்கரியில் எனக்கு முந்தித் தேங்காய் பன்னுக்கு இங்கிலீஷில் ஆர்டர் கொடுத்தார். டீ மாஸ்டர் பயந்துபோய் இரண்டு கொடுத்துவிட்டார். நடுத்தெருவில் நின்று ஆளுக்கொன்று தின்றோம். எவ்வளவு சிரித்தேன் என்றால் விக்கல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த ஜரீனா அக்காவை என்ன செய்தால் தகும்! "எப்பப் பாத்தாலும் நாங்கதான் பேசறோம். இன்னிக்கு மிஸ் பேசோணும்" என்று வகுப்பையே கிளப்பிவிட்டார். சரியென்று சீட்டு எடுத்தேன். 'கங்காரு'. நான் கங்காரு என்று எழுதிப் போட்டதே கிடையாது. கையெழுத்து பார்லர் அக்காவுடையது.

சட்டம் சட்டம்தானே. ஆரம்பித்தேன். "கங்காரு ஒரு கேவலமான மிருகம். ஒழுங்காக நடக்கத் தெரியாமல் குதிக்கும். ஊரில் எத்தனையோ நல்ல மாடு, ஆடு இருக்கும்போது கங்காருவைத் தேடி அவ்வளவு தூரம் எவனாவது போவானா? போகிறார்கள். அக்கா சொன்னால் போகிறார்கள். போகட்டும். கங்காரு உதைக்கும்போதுதான் தெரியும்." இப்படியே ரெண்டு நிமிஷம் நிற்காமல் பொரிந்திருக்கிறேன். நிறுத்தியபோது பாதிப் பேர் குனிந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜரீனா அக்கா மட்டும், "மிஸ்ஸுக்கு ஃப்ளூயன்ஸி சூப்பருங்க" என்றார்.

திருமூர்த்தி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமா பொய்யா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவளை உதைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடித் தள்ளுபடியில் ஒரு கிளிப்பச்சைப் புடவை எடுத்தேன். தள்ளுபடி என்பதால் மட்டும். அப்பா ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் வாங்காதவன் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏஞ்சாமி, எந்த ஸ்டாப்புல எறங்கறதுன்னு உனக்காச்சும் தெரியுமா?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. யாரைக் கேட்டுப் பிறந்தது?

ஆகஸ்ட் 23, சனி

நாளைக்குப் போன். வளர்பிறை ஞாயிறாம். தோப்பில் சிக்னல் கிடைக்காததால் என் வகுப்பிலேயே பேசப்போகிறார். "பொண்ணும் பையனும் தனியாப் பேசட்டும், நாங்க எதுக்கு? நீ மட்டும் பக்கத்துல உக்காந்துக்கோ கண்ணு, தடுமாறுனான்னா எடுத்துக் குடு" என்று மயிலாத்தாள் அக்கா உத்தரவு போட்டுவிட்டார். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்மைல். ஸ்லோ. ஆஸ்க் ஹெர்.

சரி, எழுதியே தொலைக்கிறேன். இது என் டைரிதானே. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. முப்பத்தாறு வயதில், கோகிலவாணி, உனக்கு இது தேவையா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். தேவை என்றுதான் பதில் வருகிறது. நாளை அவர் நன்றாகப் பேசினால் நான் நல்ல டீச்சர், அவர் வேறொருத்தியின் புருஷன். உளறினால் என் மானம் போகும், ஆனால் துள்ளிக் குதிப்பேன். மாசாணியாத்தாவிடம் இதில் எதைக் கேட்பது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிளிப்பச்சைப் புடவையில்தான் போனேன். லேப்டாப்புக்குப் பக்கத்தில், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து அட்டைகளோடு உட்கார்ந்தேன். மணியடித்தது. திரையில் ஒரு பெண் வந்தாள். சுருட்டை முடி, அழகான பல்வரிசை. நான் ஸ்மைல் அட்டையைத் தூக்கினேன். திருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வணக்கமுங்க. நல்லா இருக்கறீங்களா? உங்கக்கா சௌக்கியமுங்களா? அங்க மழ பேஞ்சுதுங்களா?"

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆனைமலைச் சந்தையில்கூட இப்படிச் சுத்தமான தமிழ் கேட்டதில்லை!

"தமிழ் வராதுன்னு ஆருங்க சொன்னா? ஊட்டுக்குள்ள இங்கிலீஷ் பேசுனா எங்கம்மா சோறு போடாதுங்க" என்று அவள் சிரித்தாள். அந்தத் தரகர் மட்டும் கையில் கிடைக்கட்டும். ரெண்டரை மாதம்! அட்டைப்பெட்டி! அத்தனையும் வீண்!

இனி அவர் ஜம்மென்று தமிழில் பேசி முடித்துவிடுவார் என்று அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"தாரிணி, மன்னிக்க வேண்டும். நான் இங்கிலீஷில்தான் பேசப்போகிறேன். தமிழில் எனக்குச் சரிங்க என்பது மட்டும்தான் வரும். சின்ன வயதில் அம்மா போய்விட்டார். அக்காதான் வளர்த்தார். அவரிடம் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல இந்த வகுப்பில்தான் பழகினேன். அதனால் அது எனக்கு இங்கிலீஷில்தான் வருகிறது. நீங்கள் நல்ல பெண். ஆனால் உங்களை நான் கட்டிக்கொள்ள முடியாது. எனக்கு என் டீச்சரைப் பிடித்திருக்கிறது. அவரிடம் நேராக இன்னும் சொல்லவில்லை. இதோ, பக்கத்தில்தான், ஸ்மைல் என்று எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்."

ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஒரு 'ங்க' இல்லை. பாராட்டுவதா அழுவதா என்று தெரியாமல் அட்டையை நேராகத் திருப்பினேன்.

தாரிணி திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். அப்புறம், "அட சாமீ! அவங்களக் காட்டுங்க பாக்கலாம்" என்றாள். நான் எட்டி முகத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க்கா, இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"இப்பத்தானுங்க தெரியும்."

"சம்மதமுங்களா?"

இங்கிலீஷ் போய்விட்டது. தமிழும் போய்விட்டது. தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா இங்க செரியாத் தெரியலைங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

"சம்மதமுங்க!" என்று கத்தினேன். கீழே பேக்கரியில் யாரோ டம்ளரைக் கீழே போட்டது கேட்டது. தாரிணி கைதட்டினாள். "எங்கப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறனுங்க. உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லோணும். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆனைமலைக்குப் போனோம். வழியெல்லாம் அவர் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். ஒத்திகை கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. அக்கா போடா என்றால் போய்விடுவார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார் என்ற பயம் எனக்கு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மயிலாத்தாள் அக்கா சமையலறையில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார். நல்ல சேதி வருகிறது என்று இனிப்பு! "வா கண்ணு, டீச்சரும் வந்துட்டயா. பொண்ணு என்னடா சொல்லுச்சு?"

"அக்கா... ஐ..." என்றார் திருமூர்த்தி.

"என்னடா ஐ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மொத்த வார்த்தையும் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாணவனுக்காக வாயைத் திறக்கிறவள் டீச்சரே இல்லை. எண்ணெய் கொதித்தது. கச்சாயம் சிவந்து, கறுக்க ஆரம்பித்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு வேண்டாமுங்க்கா."

அக்காவின் கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது.

"எனக்கு இவங்களத்தான் கட்டிக்கோணும். நீங்க வேற எது சொன்னாலும் கேட்டுக்கறேன். இதுல மட்டும் கேக்க மாட்டனுங்க்கா."

அக்கா என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "நீ நம்ம ஆளுங்க இல்லையே கண்ணு."

"இல்லீங்க்கா."

அவர் அடுப்பை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்கிலீஷ் சொல்லிக் குடுன்னு அனுப்புனா, நீ இவனுக்குத் தமிழச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கற" என்றார். திட்டுகிறாரா என்று புரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது. "எங்கம்மா செத்தப்ப இவன் முட்டி ஒசரம். அன்னிக்கிருந்து எங்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. எதக் குடுத்தாலும் சரிங்க்கா. என்ற தம்பிக்கு எல்லாமே புடிச்சிருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தனே. செரி, அந்தப் பொண்ணு வேண்டாம். இன்னும் என்னென்னடா வேண்டாம்? சொல்லு. எல்லாத்தையும் சொல்லித் தொல."

திருமூர்த்தி மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தார். அந்த மரத்தை வெட்ட வேண்டாம். தீபாவளிக்குத் தீபாவளி நீலச் சட்டை எடுக்க வேண்டாம். பெரியப்பா மகனோடு கூட்டாக லாரி வாங்க வேண்டாம். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். தரகர் இனி வீட்டுப் பக்கமே வர வேண்டாம். அத்தனையும் தமிழில், கண்ணைத் திறந்துகொண்டு, நிற்காமல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பாகற்காய் வேண்டாம் என்று சொன்னபோது மட்டும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"பாகக்கா புடிக்காதா? அடப்பாவி, இத்தன வருசமா ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னயேடா!"